நின்றுபோன கணிதப் பக்கங்களை மீண்டும் இயக்குதல்: ஒரு செய்முறைப் பதிவு

பழைய வடிவியல் பக்கம் ஒன்றை இன்றைய உலாவியில் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டிதான் தெரிகிறது. சுற்றியுள்ள விளக்கம் அப்படியே இருக்கிறது. முனையை இழுத்துப் பாருங்கள் என்ற வரியும் இருக்கிறது. இழுப்பதற்கு முனைதான் இல்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் ஊடாடும் கணிதப் படங்கள் பெரும்பாலும் ஜாவா ஆப்லெட்டுகளாகவே, அதாவது பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்களாகவே, எழுதப்பட்டன. அவற்றை இயக்கிய செருகுநிரல் வசதியைக் குரோம் 2015 செப்டம்பரில் தன் 45ஆம் பதிப்பில் நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பில் நீக்கியது. அதே ஆண்டில் வெளிவந்த ஜாவா 9, ஆப்லெட் வசதியே கைவிடப்படுகிறது என்று அறிவித்தது. அசைபடங்களுக்குப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் எழுதப்பட்டவை 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவை இழந்தன. கணிதத்தில் ஒரு குறையும் இல்லாத பக்கங்கள், அவற்றைத் தாங்கிய மென்பொருள் விலகியதால் மட்டுமே நின்றுபோயின.

அப்படி நின்றுபோன நான்கு பக்கங்களை மீண்டும் இயங்க வைத்த வேலையின் பதிவு இது. நாற்கரத்தின் நடுப்புள்ளிகள், கோண இருசமவெட்டி, ஆய்லர் கோடு, பரவளையத்தின் கீழுள்ள பரப்பு ஆகியவை அவற்றின் பொருள்கள். வேலை முழுவதிலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டேன். ஒருவர் ஒரு முனையை இழுப்பது, எது மாறினாலும் எது மாறாமல் நிற்கிறது என்பதைத் தம் கண்ணால் காண்பதற்காகத்தான். ஆகவே, மாறாது என்று பக்கம் எதைச் சொல்கிறதோ, அது எந்த முனையை எங்கே இழுத்தாலும் மாறாமல் நிற்க வேண்டும்; திரையில் தோன்றும் எண்களும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வழி, பழைய ஜாவா நிரலை அப்படியே உலாவிக்குள் ஓடவைப்பது. சீர்ப்ஜே போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. மூலப்படத்தின் தோற்றமும் நடத்தையும் மாறாமல் கிடைக்கும் என்பதால், பழைய படைப்பை ஆவணமாகப் பாதுகாக்க விரும்புவோருக்கு இது நல்ல வழி. ஆனால் அந்த ஆப்லெட்டுகள் சுட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொடுதிரையில் சிறு புள்ளிகளைப் பிடிக்க முடியவில்லை. பழைய கணக்கீட்டுக் குறைகளும் சேர்ந்தே உயிர் பெற்றுவிடும்.

இரண்டாவது வழி, இழுத்து நகர்த்தும் வடிவியல் படங்களை வரைய உதவும் ஜியோஜிப்ரா. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கிய இந்த மென்பொருளும் முதலில் ஜாவாவில் எழுதப்பட்டதே. ஆப்லெட் காலம் முடிவதற்குள் உலாவியில் நேரடியாக இயங்கும் வடிவத்துக்கு அது மாறிக்கொண்டதால்தான் இன்றும் வகுப்பறைகளில் நிலைத்திருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஒரு படம் வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர் இதைத் தாண்டி வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சார்புகளின் வரைபடங்களுக்கு டெஸ்மோஸ் என்ற இணையக் கருவி அதைவிட விரைவானது.

மூன்றாவது வழி ஜேஎஸ்எக்ஸ்கிராஃப். ஜெர்மனியின் பைரோய்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு இது. வேறெந்தத் தொகுப்பையும் சாராமல் தனித்து இயங்குவதால், பக்கத்தோடு அதன் கோப்பையும் சேர்த்து வைத்துவிட்டால் வெளியிலுள்ள எந்தச் சேவை நின்றாலும் படம் நிற்காது. ஒருமுறை மறைந்துபோன பக்கத்தை மீட்கும் வேலையில் இந்தப் பண்பு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. எனவே ஒவ்வொரு படத்தையும் முதலில் ஜியோஜிப்ராவில் விரைவாக வரைந்து, அது சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு ஜேஎஸ்எக்ஸ்கிராஃபில் முறையாக எழுதினேன்.

ஆப்லெட்டுகளின் மூல நிரல் கிடைக்கவில்லை. தொகுக்கப்பட்ட கோப்புகள் மட்டுமே இருந்தன. ஜாவாவின் தொகுக்கப்பட்ட கோப்பிலிருந்து மூல நிரலைப் பெருமளவு மீட்டெடுக்க முடியும் என்பதால் அது தடையாக இருக்கவில்லை. மாறிகளின் பெயர்கள் சில தொலைந்திருந்தன. கணக்கீடு முழுதாகக் கிடைத்தது.

நாற்கரமும் அதன் நடுப்புள்ளிகளும்

எந்த நாற்கரத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் ஓர் இணைகரம் கிடைக்கும். அதன் பரப்பளவு நாற்கரத்தின் பரப்பளவில் சரிபாதி. பியேர் வரினியோனின் பெயரால் வழங்கும் இந்தத் தேற்றம், அவர் மறைந்த பின் 1731இல் அச்சில் வந்தது. ஊடாடும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான தேற்றம் அரிது. நாற்கரத்தை எவ்வளவு கோணலாக்கினாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே நிற்பதைப் பார்க்கும்போது, ஏன் என்ற கேள்வி தானாக எழுகிறது. மூலைவிட்டங்களைப் புள்ளிக்கோடுகளாகக் காட்டும் ஒரு பொத்தானைச் சேர்த்தால் விடையும் படத்திலேயே கிடைத்துவிடுகிறது: ஒவ்வொரு மூலைவிட்டமும் நாற்கரத்தை இரு முக்கோணங்களாகப் பிரிக்க, இணைகரத்தின் பக்கங்கள் அந்த முக்கோணங்களில் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளாகி, மூலைவிட்டத்துக்கு இணையாகவும் அதில் பாதி நீளமாகவும் அமைகின்றன.

மீட்டெடுத்த நிரலைப் படித்தபோது, பழைய படம் பரப்பளவைக் கணக்கிட்ட முறையில் ஒரு குறை தெரிந்தது. க, ச, ட, த என்று முனைகளுக்குப் பெயரிட்டால், அது ச–த மூலைவிட்டத்தால் நாற்கரத்தைப் பிரித்து, இரு முக்கோணங்களின் பரப்பளவையும் மிகை எண்களாகவே எடுத்துக் கூட்டியது. குவிந்த நாற்கரத்துக்கு இது சரி. முனை ட உள்நோக்கித் தள்ளப்பட்டுக் குழிந்த நாற்கரமாகும்போது ச–த மூலைவிட்டம் வடிவத்துக்கு வெளியே போய்விடுகிறது. அப்போது இரு பரப்பளவுகளையும் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முனைகளை வரிசையாக (0, 0), (6, 0), (1, 1), (0, 6) என்று வைத்தால், ஒரு முக்கோணம் 18 சதுர அலகு, மற்றது 12. பழைய படம் 30 என்று காட்டும். உண்மையான பரப்பளவு 6. நடுப்புள்ளி இணைகரம் 3. அதாவது படம் தேற்றத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ச அல்லது த உள்ளே தள்ளப்படும்போது அதே நிரல் சரியான விடையைத் தருகிறது என்பதுதான். மூலைவிட்டம் அப்போது வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்கு முனைகளில் இரண்டை இழுத்துச் சோதித்து நிறைவடைந்தவருக்கு மற்ற இரண்டின் குறை தெரியவே வராது.

இதற்குத் தீர்வு, குறியுடன் கூடிய பரப்பளவு. அடுத்தடுத்த இரு முனைகளின் ஆயத்தொலைவுகளைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து, சுற்றி வந்து கூட்டி, இரண்டால் வகுக்கும் பழக்கமான சூத்திரம் அது. முனைகள் இடஞ்சுழியாக வந்தால் மிகை, வலஞ்சுழியாக வந்தால் குறை. (திரையின் அளவுகளை நேரடியாகப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: திரையில் கீழே செல்லச் செல்ல எண் கூடுவதால் இந்தக் குறிகள் தலைகீழாகிவிடும்.) குவிந்தது, குழிந்தது என்று நிரலில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் தேவையே இதனால் இல்லாமல் போகிறது.

பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும் நாற்கரம்தான் இந்தச் சூத்திரத்தின் உண்மையான சோதனை. இந்தப் படத்தைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்தது, ஒரு முனையை எதிர்ப்பக்கத்துக்கு அப்பால் இழுத்துப் போட்டதுதான். எல்லையைத் தேடிப் போகும் இந்த ஆவல் கணிதத்தின் இயல்பான தொடக்கம். அதைத் தடுக்கும் வேலி எதையும் நிரலில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். குறியுடன் கூடிய பரப்பளவைப் பயன்படுத்தினால், வெட்டிக்கொள்ளும் நாற்கரத்திலும் பாதி என்ற உறவு மாறாமல் நிற்கிறது. முனைகளை (0, 0), (6, 0), (0, 4), (6, 4) என்ற வரிசையில் வையுங்கள். நடுவில் வெட்டிக்கொண்டு, தலா 6 சதுர அலகு கொண்ட இரு முக்கோணங்கள் மேலும் கீழுமாக அமையும். ஒன்றை இடஞ்சுழியாகவும் மற்றதை வலஞ்சுழியாகவும் சுற்றி வருவதால் கூட்டுத்தொகை பூச்சியம். நடுப்புள்ளிகள் நான்கும் அதே நேரத்தில் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து விழுந்து, இணைகரம் ஒரு கோட்டுத்துண்டாகச் சுருங்கிவிடுகிறது. பரப்பளவுக்குக் குறி எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஒரு நிலை போதும். பாடநூலில் வெறும் உடன்பாடாகத் தோன்றிய குறி, இங்கே படத்தின் நடத்தையை முன்கூட்டியே சொல்கிறது.

இதைக் காட்டுவதற்காக, இடஞ்சுழிப் பகுதிக்கு ஒரு நிறமும் வலஞ்சுழிப் பகுதிக்கு வேறொரு நிறமும் கொடுத்தேன். நிறத்தை மட்டும் நம்பினால் நிறவேறுபாடு காண இயலாதவர்களுக்குப் பயன்படாது என்பதால், இரண்டிலும் வெவ்வேறு திசையில் சாய்ந்த கோட்டு நிரப்பையும் சேர்த்தேன்.

எண்கள் சொல்லும் சாட்சி

கணக்கீடு சரியான பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. முனையைச் சுதந்திரமாக இழுத்தால் நாற்கரத்தின் பரப்பளவு 25.3714… என்பதுபோல் வரும். இரு தசம இடங்களுக்குத் திருத்தினால் அது 25.37 ஆகும்; அதன் பாதியான 12.6857… என்பது 12.69 ஆகும். 12.69ஐ இரட்டித்தால் 25.38. கூர்ந்து பார்க்கும் மாணவர் பாதி என்பது ஏறக்குறையத்தான் போலும் என்ற முடிவுக்கு வருவார். அப்படி வருவது அவருடைய கவனத்துக்குச் சான்று. தசம இடங்களைக் கூட்டினால் சிக்கல் கடைசி இலக்கத்துக்கு நகருமே தவிர நீங்காது.

முனைகள் முழு எண் கட்டப்புள்ளிகளில் மட்டும் நிற்குமாறு செய்தால் இது முற்றிலும் தீர்கிறது. ஆயத்தொலைவுகள் முழு எண்களாக இருந்தால் நாற்கரத்தின் பரப்பளவு எப்போதும் அரையின் மடங்கு. இணைகரத்தின் பரப்பளவு காலின் மடங்கு. இரு தசம இடங்களில் இரண்டையும் துல்லியமாக எழுதிவிடலாம். கணினி எண்களை இரண்டடிமானத்தில் வைத்திருப்பதால் அரை, கால் போன்ற பின்னங்களை அதனால் துளியும் பிசகின்றி வைத்துக்கொள்ள முடிகிறது. கட்டத்தின் இடைவெளியைப் பத்தில் ஒன்றாக வைத்தால் இந்த நன்மை கிடைக்காது, 0.1 என்ற எண்ணுக்கு இரண்டடிமானத்தில் முடிவுள்ள வடிவம் இல்லை என்பதால்தான் ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. தொடக்க நிலைக்கு (0, 0), (6, 0), (5, 4), (1, 6) என்ற நாற்கரத்தை வைத்தேன். அதன் பரப்பளவு 25, இணைகரம் 12.5. இரு மூலைவிட்டங்களின் நீளங்களின் கூடுதலும் இணைகரத்தின் சுற்றளவும் சமம் என்பதையும் பக்கத்தில் காட்ட எண்ணியிருந்தேன். அந்த நீளங்கள் 41, 61 ஆகியவற்றின் வர்க்க மூலங்கள் என்பதால், எண்ணாகத் தராமல் கோட்டுத்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நீளத்தை ஒப்பிட்டுக் காட்டும் முறைக்கு மாற்றினேன்.

கட்டப்புள்ளிகளுக்கு மாறியதில் கூடுதலாக ஒரு பயனும் கிடைத்தது. கியோர்க் பிக் 1899இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, பக்கங்கள் வெட்டிக்கொள்ளாத கட்டப்புள்ளிப் பலகோணத்தின் பரப்பளவு, உள்ளே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையோடு எல்லையில் இருக்கும் புள்ளிகளில் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும். தொடக்க நாற்கரத்தில் உள்ளே 21 புள்ளிகள், எல்லையில் 10; ஆக 21 + 5 − 1 = 25. எண்ணிப் பார்த்துச் சரிபார்க்க மாணவருக்கு இது இன்னொரு வழி.

கோண இருசமவெட்டி தாவும் இடம்

இந்த வேலையில் நான் அதிகம் சிந்தித்த பகுதி இது. பழைய பக்கத்தில் வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளும் அவற்றின் கோணத்தை இருசமமாக வெட்டும் கோடும் இருந்தன. ஒரு கோட்டைச் சுழற்றும்போது இருசமவெட்டி சீராகத் தொடர்ந்து வந்து, ஒரு குறிப்பிட்ட நிலையில் திடீரென்று 90 பாகை தாவியது. பார்ப்பவருக்கு நிரல் பிழை என்றே தோன்றும். நிரல் பிழையற்றது, கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது.

ஒரு கோட்டை நிலையாக வைத்து மற்றதை மெதுவாகச் சுழற்றுவதாகக் கொள்வோம். இருசமவெட்டி அதில் பாதி வேகத்தில் சுழலும். கோடு 180 பாகை சுழன்றதும் தன் பழைய இடத்திலேயே வந்து படிகிறது. கோட்டுக்குத் தலை, வால் என்ற வேறுபாடு இல்லை. இருசமவெட்டியோ 90 பாகைதான் சுழன்றிருக்கிறது. அதாவது அது இப்போது மற்றோர் இருசமவெட்டியின் இடத்தில் நிற்கிறது. தொடக்கத்தில் இருந்த அதே இரு கோடுகள், வேறு விடை. சிறு அசைவுக்குச் சிறு மாற்றமே நிகழ வேண்டும் என்று கேட்டால், ஒரே நிலைக்கு இரண்டு விடைகளை ஏற்க வேண்டும். ஒரே நிலைக்கு எப்போதும் ஒரே விடைதான் வர வேண்டும் என்று கேட்டால், எங்காவது ஒரு தாவலை ஏற்க வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெறுவது இங்கே இயலாது.

இயங்கு வடிவியல் மென்பொருள்களை எழுதியோர் இதை ஆழமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். யூர்கன் ரிக்டர்-கேபர்ட், உல்ரிக் கோர்ட்டன்காம்ப் ஆகியோர் உருவாக்கிய சின்டெரெல்லா என்ற மென்பொருள், தொடர்ச்சியைத் தேர்ந்தெடுத்து அதற்காகக் கலப்பெண்களைப் பயன்படுத்துகிறது. இரு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை எடுத்துக்கொண்டால், வட்டங்கள் விலகும்போது மெய்யான வெட்டுப்புள்ளிகள் மறைந்தாலும் கலப்பெண் ஆயத்தொலைவுகளில் அவை தொடர்ந்து இருக்கின்றன. திரும்பி வரும்போது எந்தப் புள்ளி எது என்பதை அந்தப் பாதை வழியே கண்காணிக்க முடிகிறது.

ஒரு தனிப்பக்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கோடுகளுக்குப் பதிலாகக் கதிர்களை வைத்தால் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. கதிர் தன் பழைய இடத்துக்குத் திரும்ப 360 பாகை சுழல வேண்டும். அதற்குள் இருசமவெட்டி 180 பாகை சுழன்று, அதைக் கோடாக வரைந்தால், அதுவும் தன் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. தொடர்ச்சி, ஒரே விடை ஆகிய இரண்டும் கைகூடுகின்றன. இதை நிரலாக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரு கதிர்களின் அலகுத் திசையன்களைக் கூட்டி இருசமவெட்டியின் திசையைக் காண்பது வழக்கமான முறை. கதிர்கள் நேரெதிரே நிற்கும்போது அந்தக் கூடுதல் பூச்சியத் திசையனாகி, கோடு மறைந்துவிடும். கோணத்தை எடுத்து அதைப் பாதியாக்கினால் அந்த நிலையிலும் கோடு செங்குத்தாக அமைதியாக நிற்கிறது. கோணத்தின் மதிப்பு 180இலிருந்து −180க்கு மாறும் இடத்தில் பாதி, 90இலிருந்து −90க்கு மாறுகிறது. கோடாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஆனாலும் பழைய தாவலை நான் முழுவதும் நீக்கிவிடவில்லை. கதிர்கள், கோடுகள் என்று மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானை வைத்து, கோடுகள் நிலையில் இரு இருசமவெட்டிகளையும் வெவ்வேறு தடிமனில் காட்டி, ஒரு முழு அரைச்சுற்றுக்குப் பின் இரண்டும் இடம் மாறிக்கொள்வதைப் பார்க்குமாறு கேட்டேன். தாவல் என்பது மறைக்க வேண்டிய குறை என்று முதலில் தோன்றினாலும், அந்தப் பக்கத்தில் கற்கத் தகுந்த மிக ஆழமான செய்தி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்லர் கோடு

முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம், நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் என்பதை ஆய்லர் 1765இல் காட்டினார். நடுக்கோட்டு மையம் மற்ற இரண்டுக்கும் இடையில், செங்கோட்டு மையத்திலிருந்து இருக்கும் தொலைவு சுற்றுவட்ட மையத்திலிருந்து இருக்கும் தொலைவைப்போல் இருமடங்காக அமையுமாறு நிற்கும். சோதனைக்கு (0, 0), (6, 0), (2, 4) என்ற முக்கோணத்தை எடுத்துக்கொண்டேன்: சுற்றுவட்ட மையம் (3, 1), செங்கோட்டு மையம் (2, 2), நடுக்கோட்டு மையம் அவற்றை இணைக்கும் துண்டில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில்.

நாற்கரப் பக்கத்துக்கு உதவிய கட்டப்புள்ளி ஏற்பாட்டை இங்கே பயன்படுத்த முடியாது. முனைகள் மூன்றும் முழு எண் கட்டப்புள்ளிகளில் இருக்கும் சமபக்க முக்கோணம் ஒன்றுகூடக் கிடையாது: பக்கத்தின் வர்க்கம் முழு எண்ணாக இருப்பதால் சமபக்க முக்கோணத்தின் பரப்பளவில் 3இன் வர்க்க மூலம் வந்தே தீரும், கட்டப்புள்ளி முக்கோணத்தின் பரப்பளவோ அரையின் மடங்காகத்தான் இருக்க முடியும். ஆய்லர் கோட்டின் கதையில் சமபக்க முக்கோணம்தான் மிகச் சுவையான நிலை. அங்கே மூன்று மையங்களும் ஒன்றாகி, கோடு என்பதே வரையறையற்றுப் போகிறது. அதை அடைய முடியாத பக்கம் கதையின் உச்சத்தை மறைத்த பக்கமாகிவிடும். எனவே இங்கே முனைகளைச் சுதந்திரமாக விட்டு, எண்களைக் குறைத்து, விகிதத்தை மூன்று சம நீளத் துண்டுகளாகக் கோட்டின் மேலேயே குறித்துக் காட்டினேன்.

சமபக்க நிலைக்கு நெருங்கும்போது மையங்களுக்கு இடையிலுள்ள தொலைவு மிகச் சிறியதாகி, கணக்கீட்டின் நுண்பிழையே கோட்டின் திசையைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. சுட்டியின் சிறு நடுக்கத்துக்கும் கோடு பெரிதாகச் சுழல்கிறது. மையங்களின் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கோட்டை மறைத்து, மூன்று மையங்களும் ஒன்றாகிவிட்டன, கோடு எத்திசையிலும் இருக்கலாம் என்று ஒரு வரியைக் காட்டுகிறேன். மறுபுறம், மூன்று முனைகளும் ஒரே கோட்டில் வரும்போது சுற்றுவட்ட மையத்தின் சூத்திரத்தில் வகுக்கும் எண் பூச்சியமாகிறது. வட்டம் முடிவின்றிப் பெரிதாகிறது. பழைய ஆப்லெட் அங்கே உறைந்து நின்றது. அந்த நிலையிலும் முக்கோணத்தை மட்டும் விட்டுவைத்து, வட்டத்தையும் கோட்டையும் மறைத்தால் படம் தொடர்ந்து இயங்குகிறது.

விரலும் விசைப்பலகையும்

தொடுதிரையில் விரல், தான் நகர்த்தும் புள்ளியையே மறைத்துவிடும். புள்ளியைப் பெரிதாக வரைந்தால் படம் கெடும். கண்ணுக்குத் தெரியும் புள்ளியைச் சிறிதாகவே வைத்து, அதைச் சுற்றித் தொடுதலை ஏற்கும் கண்ணுக்குத் தெரியாத வட்டத்தை மட்டும் 44 பிக்சல் குறுக்களவுக்கு விரித்தேன். ஜேஎஸ்எக்ஸ்கிராஃபில் தொடுதலுக்கும் சுட்டிக்கும் இந்த அளவைத் தனித்தனியே தர முடிகிறது. படத்தின் மேல் விரல் வைத்தால் பக்கம் நகர்வதைத் தடுப்பதிலும் அளவறிந்து நடக்க வேண்டும். படம் முழுவதிலும் தடுத்துவிட்டால், கைபேசியின் சிறிய திரையில் படத்தைத் தாண்டிக் கீழே போகவே வழியில்லாமல் போகும். புள்ளியைப் பிடித்திருக்கும்போது மட்டும் தடுப்பதே சரி.

அம்புக்குறி விசைகளால் புள்ளியை நகர்த்தும் வசதி தொகுப்பிலேயே இருக்கிறது. கட்டப்புள்ளிகள் உள்ள நாற்கரப் பக்கத்தில் ஒரு விசைக்கு ஓர் அலகு என்பது இயல்பாகவே பொருந்திவிட்டது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக, முனை நின்றதும் அதன் இடத்தையும் இரு பரப்பளவுகளையும் ஒரு வாக்கியமாகப் படிக்கச் செய்தேன். இழுக்கும்போதே ஒவ்வொரு மாற்றத்தையும் படித்தால் கேட்பவர் ஒன்றையும் பின்தொடர முடியாது.

பரவளையத்தின் கீழுள்ள பரப்பு

கடைசிப் பக்கத்தில் y = x² என்ற வர்க்கச் சார்பின் வளைவரையும், 0 முதல் 1 வரை அதன் கீழுள்ள பரப்பைச் செவ்வகப் பட்டைகளால் நிரப்பும் ஸ்லைடரும் இருந்தன. பழைய ஸ்லைடர் 1000 பட்டைகள் வரை போனது. பட்டையின் அகலம் ஒரு பிக்சலுக்கும் கீழே போனபின் திரையில் தெரிவது நிறம் பூசிய வடிவம் மட்டுமே. இடைவெளி மறைந்துவிட்டதாகப் படம் சொல்கிறது, அது இன்னும் இருக்கும்போதே. ஸ்லைடரை 40 பட்டைகளோடு நிறுத்தி, அதற்கு மேற்பட்டவற்றை எண் அட்டவணையாக மட்டும் தந்தேன். 10 பட்டைகளுக்கு இடமுனை உயரங்களைக் கொண்ட கூடுதல் 0.285, வலமுனைக்கு 0.385, 100 பட்டைகளுக்கு 0.32835, 0.33835.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முதல் வரிசையில் சரியாக 0.1, இரண்டாவதில் சரியாக 0.01. இதைக் காட்டுவதற்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக உழைப்பைச் செலவிட்டேன். ஒவ்வொரு பட்டையிலும் இடமுனைச் செவ்வகத்துக்கு மேல் எஞ்சும் சிறு செவ்வகத்தை வேறு நிறத்தில் பிரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் அவை அனைத்தும் கிடையாக நழுவி வலக்கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்குமாறு செய்தேன். அவை சேர்ந்து, ஒரு பட்டையின் அகலமும் 1 அலகு உயரமும் கொண்ட ஒரே தூணாகின்றன. உண்மையான பரப்பு இரு கூடுதல்களுக்கும் இடையில் சிக்கியிருக்கிறது. இடைவெளி அந்தத் தூண்தான். பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தூண் மெலிகிறது. எல்லை என்ற கருத்தை விளக்கப் பல பத்திகள் எழுதுவதைவிட இந்தத் தூணை மெலியவிட்டுப் பார்ப்பது தெளிவானது. அசைவைத் தொடங்குவதற்கு முன், இந்தத் துண்டுகளை அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும் என்று ஊகிக்கக் கேட்கும் ஒரு வரியையும் வைத்தேன். ஊகத்தை எழுதிய பிறகே பொத்தான் இயங்கும்.

அட்டவணையில் நடுப்புள்ளி உயரங்களையும் சரிவகங்களையும் சேர்த்தபோது, 10 பட்டைகளுக்கு முறையே 0.3325, 0.335 வந்தன. மூன்றில் ஒன்று என்ற உண்மையான மதிப்பிலிருந்து முதலாவது 1200இல் ஒரு பங்கு குறைவு. இரண்டாவது 600இல் ஒரு பங்கு அதிகம். சரிவகம் செவ்வகத்தைவிட வளைவரையோடு ஒட்டி நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் அதன் பிழை இருமடங்கு. இதற்கு விளக்கம் எழுதாமல், ஏன் என்ற கேள்வியை மட்டும் அட்டவணையின் கீழ் விட்டிருக்கிறேன்.

சோதனை எண்கள்

பக்கங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கியதும், ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்த நிலைகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்தேன். குவிந்த நாற்கரத்துக்கு 25, 12.5, குழிந்ததற்கு 6, 3, வெட்டிக்கொள்ளும் நாற்கரத்துக்கு 0, 0, முக்கோணத்துக்கு (3, 1), (2, 2), நேரெதிர்க் கதிர்களுக்குச் செங்குத்து, 10 பட்டைகளுக்கு மேலே உள்ள நான்கு எண்கள். முனைகளைத் தலைகீழ் வரிசையில் தந்தாலும் பரப்பளவின் அளவு மாறாமல் குறி மட்டும் மாற வேண்டும் என்பதும், முழு வடிவத்தையும் சுழற்றினாலும் நகர்த்தினாலும் பரப்பளவு மாறக்கூடாது என்பதும் அதே கோப்பில் உள்ளன. நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் இந்தச் சோதனைகள் தாமாகவே ஓடி, ஏதாவது ஒன்று பிசகினால் அந்த நிலையின் ஆயத்தொலைவுகளோடு தெரிவிக்கின்றன; அவற்றைப் பக்கத்தில் இட்டால், பிசகிய படத்தை அதே நிலையில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.